கத்திரி வெயிலுக்கு முன்னால் வீட்டுப் பெரியவரை வாசல் தாண்ட வைப்பது எப்படி?

வேலூர்ப் பக்கம் 'வசந்தம்' என்ற சொல் திரௌபதி அம்மன் கோயில் நோட்டீஸில்தான் கண்ணில் படும்: அக்னி வசந்த விழா. வசந்தத்துக்கே முன்னால் அக்னியைச் சேர்த்த ஊர் இது. பஞ்சாங்கப்படி சித்திரை, வைகாசிதான் இளவேனில். அப்போது கோட்டை மதிலில் கை வைத்தால் சுடும். நமக்குக் கிடைத்த வசந்தம் மாசிக் கடைசியும் பங்குனியும்தான். பனிக்கு முட்டி வலிக்கிறது என்று உள்ளேயே இருந்த பெரியவர்களை வெளியே கொண்டுவர இந்த ஆறேழு வாரத்தை விட்டால் வேறு நேரம் இல்லை.

அம்மா போனபின் எங்கள் நைனா ஒரு வருஷம் டிவியே கதி என்று இருந்தார். "சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்களேன் நைனா" என்று நானும் தினமும் சொன்னேன். "சும்மா எதுக்குப் போகணும்?" என்பார். யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வி.

படி 1: ஒரு வாரம் வாயைத் திறக்காமல் கவனியுங்கள்

யார் போன் செய்கிறார்கள், எந்த நேரத்தில் முகம் தெளிவாக இருக்கிறது, எதற்குக் கூப்பிட்டால் சாக்கு சொல்கிறார் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். நைனாவுக்கு அந்த வாரம் வந்தது மூன்று போன். அதில் இரண்டு, லோன் வேண்டுமா என்று கேட்டவை.

படி 2: சொல்லாத காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

முட்டி வலி என்பது வெளியே சொல்லும் காரணம். எங்கள் வீட்டில் உண்மையான காரணம் மூத்திரம். பி.பி.க்காகக் காலையில் போடும் மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்தும் இருந்தது. போட்ட பிறகு இரண்டு மணி நேரம் அடிக்கடி போக வேண்டியிருக்கும். நடுரோட்டில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வார்? டாக்டரிடம் கேட்டோம். நடந்துவிட்டு வந்து போட்டுக்கொள்ளலாம் என்றார். (நீங்களாக நேரத்தை மாற்றிவிடாதீர்கள். மருந்துக்கு மருந்து வேறுபடும்.) போகிற வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

அடுத்தது காது. நாலு பேர் பேசும் இடத்தில் பாதி கேட்காமல் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிடுவார்கள். மெஷின் வாங்க ஓடுவதற்கு முன்னால் காது டாக்டரிடம் காட்டுங்கள். சில சமயம் வெறும் குரும்பிதான் அடைத்திருக்கும்.

தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப்போட்டு, பின்வார் வைத்ததாக வாங்குங்கள். சட்டைப் பையில் பத்து ரூபாய் நோட்டாக நூறு ரூபாய் இருக்கட்டும். டீக்காசுக்கு மகன் கையை எதிர்பார்க்கும் மனுஷர் டீக்கடையில் நிற்க மாட்டார்.

படி 3: ஒரு வேலை, ஒரு நேரம், எதிர்பார்க்க ஓர் ஆள்

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். "எனக்குப் பார்த்து வாங்கத் தெரியல நைனா, வேற எதையோ தலையில கட்டிட்டாங்க" என்றேன். பாதி நடிப்பு, பாதி நிஜம். ஒரு காயை எடுத்து, "காம்புல முள்ளு எங்கடா?" என்று விரலால் தடவிக் காட்டினார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறரைக்குப் பையோடு கிளம்பிவிட்டார். இப்போது செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அவர் வேலை அது. காய்க்கார அம்மாவிடம் நான் தனியாக ஒன்று மட்டும் சொல்லிவைத்தேன்: ஒரு நாள் வராவிட்டால், மறுமுறை ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.

கோட்டைக்கு அழைத்துப் போவதென்றால் பிரதோஷத்தன்று ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். மாதம் இரண்டு முறை, அதே சாயங்கால நேரம், பெரும்பாலும் அதே முகங்கள். பேச்சை எடுத்துக் கொடுக்க வேண்டுமா? 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். எழுபதைத் தாண்டிய வேலூர்க்காரர் ஒவ்வொருவரிடமும் இதற்கு ஒரு கதை இருக்கும். அப்புறம் நீங்கள் பேசவே வேண்டாம்.

அம்மா, மாமியார் என்றால் இன்னும் சுலபம். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. தங்கச்சி வீடு எந்த ரூட்டில் இருக்கிறது என்று பார்த்து, முதல் இரண்டு முறை கூடப் போங்கள்.

படி 4: பாரதம் கேட்க அனுப்புங்கள்

அக்னி வசந்த விழா தொடங்கிய ஊர்களில் மத்தியானம் மகாபாரதச் சொற்பொழிவு, ராத்திரி கூத்து. ராத்திரி முழுக்கக் கண் விழிப்பது எல்லார் உடம்புக்கும் ஆகாது. மத்தியானப் பந்தல் போதும். பகடை ஆட்டத்தில் கதையை நிறுத்தினால், துகில் உரிவதைக் கேட்க மறுநாள் போயே ஆக வேண்டும். பெரியவரை நாள் தவறாமல் வெளியே இழுக்க இதைவிடக் கெட்டிக்கார ஏற்பாடு நான் பார்த்ததில்லை. அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நாளுக்கும், துரியோதனன் வீழும் கடைசி நாள் படுகளத்துக்கும் பேரப்பிள்ளைகளைக் கூட அனுப்புங்கள். யார் யாருக்குச் சித்தப்பா என்று விளக்கும் பொறுப்பு தாத்தாவுக்கு வந்துவிடும். கூட்ட நெரிசலில் மட்டும் ஓரமாக உட்கார வையுங்கள்.

படி 5: போன்

நாலு பேர் நம்பரைப் போட்டோவோடு பதிந்து கொடுங்கள். டைப் அடிக்கச் சொல்லித் தராதீர்கள், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பப் பழக்குங்கள். ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். தனியாக இருக்கும் பெரியவர் என்றால் முதியோர் உதவி எண் 14567-ஐயும் பதிந்து வையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

படி 6: வெயில் ஏறியதும் ஆட்களை வீட்டுக்கு வரவழையுங்கள்

சித்திரை பிறந்ததும் நடையை ஆறு மணிக்கே மாற்றுங்கள், ஏழரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மே மாதம் கத்திரி தொடங்கினால் அதுவும் சில நாள் நடக்காது. அதற்குள் பழகிய முகங்கள் நாலைந்து இருக்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வாசலில் தண்ணீர் தெளித்து, நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர்களை இங்கே வரச் சொல்லுங்கள். பாலைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி உறை ஊற்றி வையுங்கள், மோர் நிறையச் செலவாகும்.