முன்கூட்டியே ஓய்வு: மதுரைப் பக்கம் கணக்கு எங்கே உதைக்கிறது

சென்னையிலோ பெங்களூரிலோ இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் ஊர் திரும்பி திருநகரிலோ நாராயணபுரத்திலோ இருந்துவிடலாம் என்று நினைப்பவர்கள், எந்த மியூச்சுவல் ஃபண்டில் போடுவது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வங்கியில் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்குபவர்களும் வளைகுடாவிலிருந்து திரும்புபவர்களும் அப்படித்தான். ஃபண்டு தேர்வில் ஒன்றிரண்டு பிசகினாலும் சமாளித்துவிடலாம். செலவுப் பட்டியலில் எழுதாமல் விட்டதையும், பத்திரத்தில் எழுதாமல் விட்டதையும் பிறகு சரிசெய்வதுதான் கஷ்டம்.

செய்முறையைக் கணக்கில் சேர்க்காதது

"மதுரையில் செலவு குறைவு, மாசம் 60,000 போதும்" என்பார்கள். மளிகை, பால், கரண்ட், பெட்ரோல், பள்ளிக் கட்டணம் எல்லாம் கூட்டினால் அந்தத் தொகை சரியாகவே வரும். பட்டியலில் வராதது செய்முறை, அதாவது சொந்தபந்த விசேஷங்களுக்குச் செய்யும் சீரும் மொய்யும். அக்கா, தங்கச்சி பிள்ளைகளுக்குக் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று தாய்மாமன் சீர் வரிசையாக வரும். மொய் நோட்டை எடுத்து, நமக்கு வந்ததில் இன்னும் திருப்பிச் செய்யாதது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அது கடன்தான், வட்டி மட்டும் ஏட்டில் இல்லை. வேலையை விட்டவர் என்பதற்காக யாரும் மொய்யைக் குறைத்து வாங்கிக்கொள்ளப் போவதில்லை. கையில் மொத்தமாகப் பணம் வந்திருக்கிறது என்ற பேச்சுதான் ஊரில் பரவும்.

மனக்கணக்கை நம்பாமல், கடைசி 36 மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, வெளியே போன மொத்தத்தையும் கூட்டி 36-ஆல் வகுத்தால்தான் உண்மையான மாதச் செலவு தெரியும். வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பத்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றுவது, அப்பா அம்மா மருத்துவச் செலவு ஆகியவற்றுக்குத் தனியே ஒரு வரி போடுங்கள். 60,000 என்று நினைத்த வீட்டில் 75,000 வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

25 மடங்கு என்ற வாய்ப்பாடு

ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்ந்தால் போதும் என்ற கணக்கு அமெரிக்காவில் 1990-களில் வந்தது. அந்த நாட்டுப் பங்கு, பத்திர வரலாற்றை வைத்து, 30 ஆண்டு ஓய்வுக்காகப் போட்ட கணக்கு அது. 45 வயதில் ஓய்வு பெறுபவருக்கு 40 ஆண்டாவது பணம் வேண்டும். நம் ஊர் விலைவாசியும் வேறு.

மாதம் 60,000 என்றால் ஆண்டுக்கு 7.2 லட்சம், 25 மடங்கு 1.8 கோடி. இதை அப்படியே எஃப்.டி.யில் 7 சதவீதத்துக்குப் போட்டால் ஆண்டுக்கு 12.6 லட்சம் வட்டி வருகிறது. முதல் வருஷம் ராஜா மாதிரி இருக்கும். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் செலவு இரட்டிப்பாகும். 57 வயதில் மாதம் 1.2 லட்சம், 69 வயதில் 2.4 லட்சம். வரியும் விலைவாசியும் போக எஃப்.டி.யின் உண்மையான லாபம் கிட்டத்தட்ட பூஜ்யம். அப்படியானால் 1.8 கோடி சரியாக 25 வருஷம் வரும், 70 வயதில் தீரும். முழுக்க எஃப்.டி. என்பது பாதுகாப்பு என்று தோன்றும், இவ்வளவு நீண்ட காலத்துக்கு அது பாதுகாப்பு இல்லை. 33 மடங்காவது, அதாவது சுமார் 2.4 கோடி, இல்லாமல் 45 வயதில் ராஜினாமா கடிதம் எழுதுவது அவசரம் என்பதே எங்கள் கணிப்பு. குடியிருக்கும் வீடு இந்தத் தொகையில் சேராது.

மறுபக்கம், எல்லாவற்றையும் பங்குச் சந்தையில் வைத்துக்கொண்டு ஓய்வு பெறுவதும் ஆபத்து. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அடுத்த ஆண்டு மார்ச்சில் 8,500-க்கும் கீழே கிடந்தது. சம்பளம் வரும்போது அப்படி விழுந்தால் மலிவாக வாங்கலாம். ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் விழுந்தால், சாப்பாட்டுக்காக அடிமாட்டு விலைக்கு ஃபண்டு யூனிட்டை விற்க வேண்டிவரும். விற்ற யூனிட் சந்தை ஏறும்போது திரும்பி வராது. ஆகவே மூன்று வருஷச் செலவு, இந்தக் கணக்கில் 21 லட்சம் சொச்சம், எஃப்.டி.யிலும், சீக்கிரம் பணமாக்கக்கூடிய லிக்விட் ஃபண்டிலும் இருக்கட்டும். சந்தை விழுந்த வருஷம் அதிலிருந்து மட்டும் எடுத்துச் சாப்பிட்டு, ஏறிய வருஷம் நிரப்பிக்கொள்ளலாம்.

வரியில் ஒரு பொறி உண்டு. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதை எல்லாவற்றுக்கும் பொருத்திவிடுகிறார்கள். பங்கு, ஈக்விட்டி ஃபண்டு விற்ற லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை விலக்கு, அதற்கு மேல் 12.5 சதவீதம். வருஷா வருஷம் அந்த 1.25 லட்சம் அளவுக்கு லாபத்தை விற்று மறுபடி வாங்கி வைப்பது, ஒரேயடியாக விற்பதைவிட நல்லது.

வயது வராமல் திறக்காத கதவுகள்

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அதில் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம், ஆனால் 60 வயது ஆக வேண்டும். பணியிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு 55. அவரும் பணப்பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டாக வேண்டும். 47 வயதுக்காரருக்கு இந்தக் கதவே இல்லை.

பி.எஃப். பென்ஷன் முழுதாக வருவது 58-இல். 50 வயதிலிருந்து வாங்கலாம், ஆனால் முந்தும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். 15,000 ரூபாய் உச்சவரம்புச் சம்பளத்தில் 20 ஆண்டு சேவைக்கு மாதம் 5,000 ரூபாய்கூட எட்டாது. அதனால் அதைப் பெரிதாக எண்ண வேண்டாம். பத்து ஆண்டு சேவை முடித்தவர்கள், அந்தச் சேவைக் காலத்துக்கு அத்தாட்சியான திட்டச் சான்றிதழை வாங்கி வைத்தால் போதும். வேலையை விட்ட பிறகு பி.எஃப். கணக்கில் சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

பி.பி.எஃப். 15 ஆண்டில் முதிர்ந்ததும், தொடர்ந்து பணம் போட விரும்பினால் ஓராண்டுக்குள் நீட்டிப்பு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தவறினால் இருக்கும் பணத்துக்கு வட்டி வரும், புதிதாகப் போட முடியாது.

கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ்

குரூப் பாலிசி வேலையோடு முடிந்துவிடும். அதன் பிறகு சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர் புதிதாக வாங்கப் போனால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைப்பார்கள், அல்லது பாலிசியே தரமாட்டார்கள். எனவே ஓய்வுக்கு மூன்று, நான்கு ஆண்டுக்கு முன்பே சொந்தப் பாலிசி ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. உடம்பில் உள்ளதை மறைக்காமல் எழுதுங்கள். க்ளெய்ம் தள்ளுபடியாக முதல் காரணமே அதுவாகிவிடக் கூடாது.

அறை வாடகை வரம்புள்ள பாலிசி மலிவாகத் தெரியும். வரம்பு 5,000, நீங்கள் சேர்ந்த அறை 10,000 என்றால், கூடுதல் வாடகையை மட்டும் நீங்கள் கட்டினால் போதாது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் போன்றவற்றிலும் பாதியைத்தான் தருவார்கள்.

நிலம், நிதி, ஜாமீன்

சொத்தில் முக்கால்வாசியை மேலூர் ரோட்டிலும் திருமங்கலம் பக்கமும் பிளாட்டாகப் போட்டுவிட்டு, "தேவைப்படும்போது ஒண்ண வித்துக்கலாம்" என்பது இங்கே சாதாரணம். பிளாட் மாத வருமானம் தராது, கால் பிளாட்டை விற்கவும் முடியாது. மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் இல்லையென்றால் பத்திரப் பதிவே நிற்கும். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமற்ற மனைகள் வரன்முறை செய்யப்பட்டிருக்கின்றனவா என்று ஓய்வுக்கு முன்பே பாருங்கள். வில்லங்கச் சான்று, பட்டா இரண்டிலும் உங்கள் பெயரும் சர்வே எண்ணும் ஒத்துப்போக வேண்டும். தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும் பூர்வீக நிலத்தை ஓய்வுக் கணக்கில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள். பாகப்பிரிவினை பதிவாகி, உட்பிரிவு ஆகி, தனிப் பட்டா வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

வங்கி டெபாசிட்டுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்கும், நிதி நிறுவனங்களுக்கும், சீட்டுக்கும் இந்தக் காப்பீடு கிடையாது. மாதம் 2 சதவீதம், 3 சதவீதம் தருவதாகச் சொல்லும் நிறுவனத்துக்குத் தெரிந்தவர் மூலமாகத்தான் பணம் போகிறது, வி.ஆர்.எஸ். பணம் வந்த வாரத்திலேயே ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஏமாந்த பிறகு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம், சொத்தை முடக்கி விற்று உங்கள் பங்கு வந்து சேர ஆண்டுகள் ஓடும்.

ஜாமீன் கையெழுத்தும் அதே மாதிரிதான். கடன்காரர் கட்டவில்லை என்றால் வங்கி முதலில் அவரைத்தான் பிடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நேராக உங்களிடம் வரலாம். மைத்துனருக்குப் போட்ட கையெழுத்து நிலுவையில் இருந்தால் அதைத் தீர்த்த பிறகு வேலையை விடுங்கள்.

உயில் எழுதாதது

"எனக்குப் பின்னால் எல்லாம் மனைவிக்குத்தானே" என்ற நினைப்புதான் இதில் மிகப் பெரிய தவறு. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமபங்கு. தாய் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் 48 வயதில் இறக்கிறார், மனைவியும் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் தாயும் இருக்கிறார்கள் என்று வையுங்கள். 80 லட்சம் வீட்டில் மனைவிக்கு 20 லட்சம் பங்குதான். பிள்ளைகளின் 40 லட்சம் பங்கை விற்க மாவட்ட நீதிமன்ற அனுமதி வேண்டும். சில ஆண்டு கழித்து தாயும் உயில் இல்லாமல் போனால், அவருடைய கால்பங்கு கொழுந்தன், நாத்தனார் என்று பிரியும். குடியிருக்கும் வீட்டை விற்க அத்தனை பேர் கையெழுத்தும் தேவைப்படும். நாற்பதுகளில் ஓய்வு பெறுபவரின் பிள்ளைகள் பெரும்பாலும் மைனர்கள் என்பதால், இந்தச் சிக்கல் அறுபதில் ஓய்வு பெறுபவரைவிட இவருக்குத்தான் அதிகம்.

பெண்ணின் சொத்துக்கு விதி வேறு. பிள்ளையில்லாத இந்துப் பெண், தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்தால் கணவருக்கு, அவரும் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள். ஆகவே கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர்களுக்கு, உயில் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு.

நாமினி போட்டிருந்தால் உயில் வேண்டாம் என்பதும் தவறு. நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர், உரிமையாளர் வாரிசு. 1984-இல் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும், 2023-இல் பங்குகளுக்கும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. (2015-க்குப் பிறகு இன்ஷூரன்ஸில் மனைவி, பிள்ளை, பெற்றோரை நாமினியாகப் போட்டால் அவர்களுக்கே அந்தப் பணம் சேரும்.) கல்யாணத்துக்கு முன் பி.எஃப்.பில் அம்மா பெயரைப் போட்ட நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாததாகிவிடும், புதிதாகப் போட வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை சதவீதம் பிரித்துப் போடலாம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்வது நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலில் பங்கு பெறுபவர் சாட்சியாக வேண்டாம். உங்களைவிட இளையவர்களாகப் பாருங்கள், பின்னால் வழக்கு வந்தால் ஒரு சாட்சியாவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். சொத்தைச் சர்வே எண், பத்திர எண், நான்கு எல்லையோடு எழுதுங்கள். "இதில் சொல்லாத மற்ற எல்லாச் சொத்தும் இன்னாருக்கு" என்ற வரி இல்லாவிட்டால், அடுத்த வருஷம் வாங்கும் பிளாட் உயிலுக்கு வெளியே நிற்கும். மைனர் பிள்ளைகளுக்கு யார் கார்டியன் என்பதையும் சேருங்கள். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும், மகளுக்கு அதில் பிறப்பிலேயே சமபங்கு உண்டு.

உயிலுக்குப் பதிலாக உடனே செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிடலாம் என்று சிலர் அவசரப்படுகிறார்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. செலவு குறைவு என்பதுதான் கவர்ச்சி. ஆனால் உயிலை எத்தனை முறையும் மாற்றலாம், செட்டில்மென்டை உங்கள் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. பிள்ளை கவனிக்கவில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) போய் ரத்து செய்யும் வழி 2007 மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் இருக்கிறது, அது 60 வயது ஆனவர்களுக்கு. 50 வயதில் எழுதிக் கொடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஆயுள்கால அனுபவ உரிமையையும் வாடகை வாங்கும் உரிமையையும் உங்களுக்கே வைத்து, கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் தானாக அதைச் சேர்ப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.