பழைய செவர்லே சி10 பிக்அப்பின் பின்பக்கத்தை 4 இஞ்ச் இறக்குவது எப்படி

1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி10-ஐப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். சுமை ஏற்றினால் அமுங்க வேண்டும் என்பதற்காக வைத்த உயரம் அது. காலியாகவே ஓடும் வண்டிக்கு அது தேவையில்லை, இறக்கிவிட்டால் வண்டியின் அழகே வேறு. இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பின்னால் லீஃப் பட்டை கிடையாது, இரண்டு நீளமான டிரெய்லிங் ஆர்ம் (முன்முனை சேசிஸிலும் பின்முனை ஆக்சிலிலும் பிடித்திருக்கும் கை) மேல் சுருள் ஸ்பிரிங்தான், அதனால் புதிதாக ஸ்பேனர் பிடிப்பவரும் தைரியமாக இறங்கலாம்.

எவ்வளவு இறக்குவது? முதல் முறை என்றால் 4 இஞ்சுக்கு மேல் போகாதீர்கள். அதைத் தாண்டினால் ஆக்சில் சேசிஸில் இடிக்காமல் இருக்க சேசிஸையே வெட்டி வளைவுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டிவரும். இன்னொன்று, பழைய ஸ்பிரிங்கை அறுத்தோ சூடுபடுத்தியோ குட்டையாக்கவே கூடாது. சூடு பட்ட எஃகு தன் விறைப்பை இழந்துவிடும், அறுத்த முனை ஸ்பிரிங் இருக்கையில் (ஸ்பிரிங் உட்காரும் தட்டில்) சரியாக உட்காராது. இறக்குவதற்கென்றே செய்த ஸ்பிரிங் ஜோடியாகக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். கூடவே குட்டை ஷாக் அப்சார்பர், நீளம் மாற்றக்கூடிய பேன்ஹார்ட் ராட் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி), குட்டை பம்ப் ஸ்டாப் (ஆக்சில் சேசிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை).

முந்தின நாள் இரவே எல்லா போல்ட்டிலும் துருநீக்கி எண்ணெய் அடித்துவிடுங்கள். மறுநாள் சமதரையில் நிறுத்தி, தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பின்சக்கர நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட்டு டிஃபரன்ஷியலுக்கு (பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் பருத்த பகுதிக்கு) அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். ஜாக் ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் வைக்காமல் சேசிஸுக்கு அடியில் வைக்க வேண்டும், ஏனென்றால் ஆக்சில் கீழே இறங்கினால்தான் ஸ்பிரிங் வெளியே வரும். வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைத்ததும் நன்றாக உலுக்கிப் பாருங்கள், அசைந்தால் உள்ளே போகாதீர்கள். ஜாக்கி ஆக்சிலைத் தாங்கியபடியே இருக்கட்டும்.

சக்கரங்களைக் கழற்றியதும் ஷாக்கின் கீழ்ப்பக்க போல்ட், பேன்ஹார்ட் ராட்டின் ஒரு முனை, இரண்டையும் விடுவியுங்கள். அப்புறம் ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அப்போது கண் பிரேக் ஹோஸ் மேலேயே இருக்க வேண்டும். ஆக்சிலின் எடை ஹோஸில் தொங்கினால் அது உள்ளே கிழியும், வெளியே தெரியாது. ஹேண்ட்பிரேக் கேபிளும் அப்படியே. ஸ்பிரிங் தளர்ந்ததும் மேலும் கீழும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி எடுத்துவிடலாம். புதியதை வைக்கும்போது முனை இருக்கையில் பழையது இருந்த இடத்திலேயே பொருந்துகிறதா என்று பார்த்து போல்ட்டை முடுக்குங்கள். குட்டை ஷாக்கையும் பம்ப் ஸ்டாப்பையும் இப்போதே மாட்டிவிடுங்கள். பழைய ஷாக்கையே விட்டால் அது கடைசி முனையிலேயே வேலை செய்யும், சின்னப் பள்ளத்தில்கூட அடி வாங்கும்.

சரி, ஸ்பிரிங் உள்ளே போய்விட்டது, ஆனால் வேலையில் பாதிதான் முடிந்தது. பேன்ஹார்ட் ராட்டின் ஒரு முனை சேசிஸில், மறு முனை ஆக்சிலில் இருப்பதால், வண்டி இறங்கியதும் ராட்டின் சாய்வு மாறி ஆக்சிலையே ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். ஒரு டயர் மட்கார்டை ஒட்டியும் இன்னொன்று உள்ளே தள்ளியும் நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், அரைமணி நேர வேலைதான் அது. சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டுங்கள். சேசிஸிலிருந்து டயர் வரை இரண்டு பக்கமும் அளந்து, சமமாக வரும்வரை ராட்டின் நீளத்தை மாற்றி லாக் நட்டை இறுக்குங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளையும் இப்படி எடை தரையில் இருக்கும்போதே கடைசி முடுக்கு முடுக்குங்கள். தொங்கும் நிலையில் முடுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

ஆக்சில் டிரெய்லிங் ஆர்மோடு சேர்த்துப் பிணைக்கப்பட்டிருப்பதால், ஆர்ம் சாயும்போது டிஃபரன்ஷியலின் மூக்கும் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் முன்முனையும்) கீழே சாயும். வேகத்தில் அதிர்வு வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான், ஆக்சிலுக்கும் ஆர்முக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்துச் சரி செய்யலாம்.

சின்ன ஓட்டம் ஒன்று போய்வந்து எல்லா நட்டையும் மறுபடி முடுக்குங்கள். பின்பக்கம் இறங்கியதால் ஹெட்லைட் வெளிச்சம் மேலே ஏறியிருக்கும், எதிரே வருபவர் கண் கூசாதபடி அன்றைக்கே அதையும் கீழே திருப்பிவிடுங்கள்.