சிறைத்துறைத் தலைவர்கள் குழு போடும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சிறைத்துறை. மத்திய அரசுக்குத் தனியாக ஒன்று. நியூயார்க் போன்ற பெருநகரங்கள் தங்கள் சிறைகளைத் தாங்களே நடத்துகின்றன. ஆளுக்கொரு சட்டம், ஆளுக்கொரு பட்ஜெட், ஆளுக்கொரு பதிவேடு. இந்தத் துறைகளின் தலைவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. 'மாநிலச் சிறை நிர்வாகிகள் சங்கம்' என்று நெடுங்காலம் இயங்கிவிட்டு, இப்போது 'கரெக்‌ஷனல் லீடர்ஸ் அசோசியேஷன்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. சுருக்கமாக சி.எல்.ஏ.

இன்னொரு சங்கம் இதைவிடப் பழையது, பெரியது. 1870-இல் சின்சினாட்டி நகரில் கூடிய மாநாட்டில் 'நேஷனல் பிரிசன் அசோசியேஷன்' என்று பிறந்தது. அதன் முதல் தலைவர் ரதர்ஃபோர்டு ஹேஸ், அப்போது ஒஹையோ மாநில ஆளுநர், பின்னாளில் அமெரிக்க அதிபர். 1954 முதல் அதன் பெயர் 'அமெரிக்கன் கரெக்‌ஷனல் அசோசியேஷன்'. துறைக்குள் ஏ.சி.ஏ. என்பார்கள். தலைவர்கள் மட்டுமல்ல, சிறைப் பணியில் இருக்கும் யாரும் இதில் சேரலாம்.

இந்தச் சங்கங்களுக்கு எந்த மாநிலத்தையும் கட்டளையிட அதிகாரம் கிடையாது. ஆனாலும் இவற்றின் குழுக்கள் எழுதி வைக்கும் வரையறையும் தரமும் நீதிமன்ற வழக்குகளிலும் பட்ஜெட் விவாதங்களிலும் வந்து நிற்கும். அதனால் குழு எங்கே சறுக்குகிறது என்று தெரிந்துகொள்வது வீண் வேலை அல்ல. சறுக்கலில் பாதி ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறது: எடைபோட வேண்டிய வேலை யாருடையதோ அவர்களே குழுவிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வரையறைக்கு முன்பே எண்ணத் தொடங்குவது

குழு கூடிய உற்சாகத்தில் முதலில் நடப்பது இதுதான். ஒரு கேள்வித்தாள் தயாராகும், எல்லா மாநிலங்களுக்கும் போகும். "உங்கள் சிறைகளில் தனிக்கொட்டடியில் எத்தனை பேர்?" கேட்க எளிமையான கேள்வி. ஆனால் ஓர் இடத்தில் அது தண்டனைப் பிரிவு மட்டும். இன்னோர் இடத்தில் பாதுகாப்புக்காக ஒதுக்கி வைத்தவர்களையும் சேர்த்து எண்ணுவார்கள். இன்னொருவர் "எங்களிடம் தனிச்சிறையே கிடையாது" என்று எழுதிவிடுவார், ஏனென்றால் அவர் துறையில் அந்தக் கட்டடத்துக்கு வேறு பெயர். மூன்று பதிலையும் கூட்டினால் ஓர் எண் வரும். அதற்கு அர்த்தம் இருக்காது.

இதைச் சரியாகச் செய்த ஒரு முயற்சியும் சி.எல்.ஏ.விலேயே இருக்கிறது. யேல் சட்டப் பள்ளியின் லைமன் மையத்துடன் சேர்ந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தனிக்கொட்டடிக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அதில் பெயரை விட்டுவிட்டு மணியையும் நாளையும் பிடித்துக்கொண்டார்கள். நாளைக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ, தொடர்ந்து 15 நாளோ அதற்கு மேலோ கொட்டடியில் இருப்பவர் எவரும் கணக்கில் வருவார். உங்கள் ஊரில் அந்தப் பிரிவுக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் சரி. 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளும் இதே 22 மணி, 15 நாள் எல்லைகளைத்தான் பேசுகின்றன. ஏ.சி.ஏ.வின் தர விதிகளோ 'நீண்டகால' அடைப்பு என்ற வகைக்கு 30 நாளைத் தாண்ட வேண்டும் என்கின்றன. ஒரே கைதி, ஒரே அறை, இருபதாம் நாள். ஒரு பட்டியலில் இருப்பார், இன்னொன்றில் இருக்க மாட்டார்.

இன்னும் கிட்டே போய்ப் பாருங்கள். ஒருவருக்குக் காலையில் ஒரு மணி நேரம் நடைமுற்றம், குளிக்க அரை மணி, மாலையில் ஒரு மணி நேர வகுப்பு. கொட்டடியில் இருப்பது இருபத்தொன்றரை மணி நேரம். கணக்கெடுப்பில் அவர் இல்லை. அரை மணி நேரத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு முழுப் பிரிவையே பட்டியலிலிருந்து தூக்கிவிடலாம். பன்னிரண்டாம் நாள் பொதுப் பிரிவுக்கு மாற்றி, இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தால்? நாளை எண்ணுவது மறுபடி ஒன்றிலிருந்தா, பன்னிரண்டிலிருந்தா? இதையெல்லாம் கேள்வித்தாள் போவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். அலுப்பான வேலை, பத்திரிகைச் செய்தியும் ஆகாது. என் மதிப்பில் இப்படிப்பட்ட குழுக்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை இதுதான். மாநிலச் சிறை நிர்வாகிகள் சங்கம் தன் செயல்திறன் அளவீட்டு முறையை உருவாக்கியபோதும், தாக்குதல் என்றால் எது, தப்பித்தல் என்றால் எது என்று எண்ணும் விதிகளை முதலில் வகுக்க வேண்டியிருந்தது.

வராத பதிலை மறந்துவிடுவது

அதே கணக்கெடுப்பின் எண்களை வரிசையாக வையுங்கள். 2015 இலையுதிர்காலத்தில் 67,442 பேர். அடுத்த சுற்றில் 49,197. 2019-இல் 31,542. 2021-இல் 25,083. ஆறே ஆண்டில் அறுபது சதவீதத்துக்கு மேல் சரிவு! ஆண்டு மாநாட்டில் கைதட்டல் நிச்சயம்.

பக்கத்தில் இருக்கும் இன்னொரு வரிசையையும் பாருங்கள். பதில் அனுப்பிய துறைகள் 48, 43, 39, 35. ஒவ்வொரு சுற்றிலும் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன. பதில் தராத துறையின் கைதிகள் விடுதலையாகிவிடவில்லை, கணக்கில்தான் இல்லை. எனவே அறிக்கை எழுதியவர்கள் நாடு முழுவதற்குமான மதிப்பீட்டைத் தனியாகப் போட்டார்கள். 2014-க்கு 80,000 முதல் 1,00,000 வரை. 2021-க்கு 41,000 முதல் 48,000 வரை. இதுவும் பெரிய சரிவுதான், ஏறக்குறைய பாதி. ஆனால் முதல் வரிசை காட்டியது வேறு கதை.

ஆகவே குழுவின் எந்த அட்டவணையிலும் 'எத்தனை பேர்' என்ற கட்டத்தோடு 'எத்தனை துறைகள் சொன்னவை' என்ற கட்டமும் ஒட்டியே இருக்க வேண்டும். அடிக்குறிப்பில் வைத்தால் போதாது, பேச்சாளர்கள் அடிக்குறிப்பு படிப்பதில்லை. தொடர்ந்து பதில் அனுப்பிய துறைகளை மட்டும் தனியே எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. பதில் தராதவர்களின் பெயரை அறிக்கையில் வெளியிடலாமா என்பது குழுவில் சச்சரவைக் கிளப்பும் கேள்வி. வெளியிட வேண்டும் என்பதே என் கட்சி. பெயர் வரும் என்று தெரிந்தால் பதில் எழுதக் கை வரும்.

தானே எழுதி தானே திருத்துவது

ஏ.சி.ஏ. சிறைகளுக்குத் தரச் சான்று வழங்குகிறது. அதற்கான அங்கீகார ஆணையம் 1974-இல் தொடங்கியது. கட்டாய விதிகளில், பொருந்துபவற்றை நூற்றுக்கு நூறு நிறைவேற்ற வேண்டும். மற்றவற்றில் 90 சதவீதம். சான்று மூன்று ஆண்டு செல்லும். விதிகளைத் திருத்துவது தரநிர்ணயக் குழு. சான்று கேட்கும் சிறை கட்டணம் கட்டும். குழுவில் இருப்பவர்களில் பலர் சான்று கேட்கும் துறைகளில் இருப்பவர்கள் அல்லது இருந்தவர்கள்.

பரீட்சை எழுதுபவரே விடைத்தாளையும் திருத்துகிறார் என்ற குற்றச்சாட்டு இங்கே புதிதல்ல. ஆணையத்தில் உறுப்பினராக இருந்த கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதி டேவிட் பசலான், யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்களின் பிடியிலேயே ஆணையம் இருக்கிறது என்று சொல்லி 1982-இல் விலகினார். ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து, 2020 டிசம்பரில், செனட்டர் எலிசபெத் வாரன் வெளியிட்ட அறிக்கையும் அதே இடத்தில்தான் கைவைத்தது: சான்று தரும் அமைப்பு, சான்று வாங்குவோரின் பணத்தில் நடக்கிறது, ஆய்வுக்கு வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறது. 2023-இல் அமெரிக்க நீதி அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் மத்தியச் சிறைத்துறைக்கும் ஏ.சி.ஏ.வுக்குமான ஒப்பந்தத்தைத் தணிக்கை செய்தது. மறு அங்கீகாரத்தின்போது ஏ.சி.ஏ. தானே சோதிக்காமல் சிறைத்துறையின் சொந்த ஆய்வையே நம்பியது; தன் முடிவைத் தானே உறுதிசெய்துகொள்ளச் சிறைத்துறை பணம் கட்டுவதுபோல் இருக்கிறது என்று எழுதினார்கள்.

இதற்காக நிர்வாகிகளே இல்லாத குழு போட முடியுமா? முடியாது, போடவும் கூடாது. இரவு ஷிப்டில் ஒரு பிளாக்கைப் பூட்ட எத்தனை பேர் வேண்டும் என்பது நடத்தியவருக்குத்தான் தெரியும். அவர்கள் எழுதட்டும், விளக்கட்டும். தன் துறை பற்றிய முடிவு வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும், போனது நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவாக வேண்டும். கட்டணம் வாங்கும் கையும் மதிப்பெண் போடும் கையும் ஒரே அலுவலகத்தில் இருக்கக் கூடாது. வாக்குரிமையோடு வெளியாட்கள் வேண்டும்; பார்வையாளர் நாற்காலி மட்டும் போட்டுவிட்டு வெளிப்படைத்தன்மை என்று சொல்லிக்கொள்வது பழைய தந்திரம். தனிக்கொட்டடிக் கணக்கெடுப்புக்கு நம்பகம் வந்ததில், தகவல் சிறைத்துறைகளிடமிருந்து வந்தாலும் பேனாவைச் சட்டப் பள்ளிக்காரர்களும் சேர்ந்து பிடித்திருந்தார்கள் என்பதற்குப் பெரும் பங்கு உண்டு.

மாநாட்டு வளாகத்தில் தொலைபேசிச் சேவை, உணவு ஒப்பந்தம், பூட்டு, கேமரா என்று நிறுவனங்கள் கடை விரித்திருக்கும். அவர்கள் வரட்டும், விற்கட்டும். குழுவின் இரவு விருந்துக்கு அவர்கள் பில் கட்டுவதைத்தான் நிறுத்த வேண்டும்.

தலைவரை மட்டும் நம்பி வேலையை ஒப்படைப்பது

மாநிலச் சிறைத்துறைத் தலைவரைப் பெரும்பாலும் ஆளுநர்தான் நியமிப்பார். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், நம்மூர் முதல்வர் இடம். தேர்தலில் ஆட்சி மாறினால் சிறைத்துறைத் தலைவரும் மாறுவார். அவர் சங்கத்தில் குழுத் தலைவராக இருந்தால், குழுவின் கோப்பு அவருடைய பழைய மின்னஞ்சலில் தூங்கும். புதிதாக வருபவர் வேறு ஆர்வத்தோடு வருவார், முதலிலிருந்து தொடங்குவார். துணைத் தலைவரை வேறு மாநிலத்திலிருந்து, வேறு தேர்தல் சுழற்சியிலிருந்து எடுங்கள். கோப்பு சங்க அலுவலகத்தில் இருக்கட்டும்.

ஆள் போனாலும் வேலை நிற்காமல் நடந்ததற்குக் கொலராடோ நல்ல சான்று. அங்கே தனிக்கொட்டடியைக் குறைக்கத் தொடங்கியவர் சிறைத்துறைத் தலைவர் டாம் கிளெமென்ட்ஸ். 2013 மார்ச்சில் அவரை வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றவன், தனிக்கொட்டடியிலிருந்து நேரே தெருவுக்கு விடுதலையான முன்னாள் கைதி. அடுத்து வந்த ரிக் ரேமிஷ் அந்தச் சீர்திருத்தத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 2014 ஜனவரியில் தானே 20 மணி நேரம் ஒரு தனிக்கொட்டடியில் அடைபட்டு இருந்து பார்த்தார். 2017-இல் கொலராடோ 15 நாளை உச்சவரம்பு ஆக்கியது. இத்தகைய அனுபவம் மற்ற மாநிலத் தலைவர்களின் மேசைக்குப் போகும் வழிகளில் சங்கக் குழுவும் ஒன்று. அப்போது துறைத் தலைவரின் உரையை மட்டும் கேட்டுவிட்டு எழக்கூடாது. அந்தக் கொட்டடிப் பிரிவில் பணியாற்றிய காவலர், மனநல மருத்துவர், பட்டியலைப் பராமரிக்கும் எழுத்தர், உள்ளே இருந்து வந்தவர் ஆகியோரில் இரண்டு பேரையாவது கூப்பிட வேண்டும். எழுத்தரைக் கூப்பிடச் சொன்னால் சிரிப்பார்கள். எண் எங்கே பிசகுகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

தன் கையில் இல்லாததற்குத் தீர்மானம் போடுவது

2018 ஏப்ரலில் தென் கரோலினாவின் லீ சிறையில் கைதிகளுக்குள் நடந்த மோதலில் ஏழு கைதிகள் இறந்தார்கள். கள்ளத்தனமாக உள்ளே வந்த செல்போன்களே காரணம் என்று சிறை அதிகாரிகள் சொன்னார்கள். ஆட்கள் போதாமை பற்றி விமர்சகர்கள் பேசினார்கள். அது வேறு விவாதம். சிறைத் தலைவர்கள் ஒரே குரலில் கேட்டது ஜாமர். ஆனால் 1934-ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டப்படி மாநிலச் சிறை தானாக அலைவரிசையை முடக்க முடியாது. சங்கக் குழு பத்துத் தீர்மானம் போட்டாலும் அது மாறாது. செல்போன் நிறுவனங்களும் ஜாமரை எதிர்த்தன, சுற்றியிருக்கும் வாடிக்கையாளர்களின் அழைப்பும் அவசர எண்ணும் அறுந்துபோகும் என்று.

இந்த மாதிரி விஷயத்தில் உள்குழு போட்டுத் தங்களுக்குள் தலையாட்டிக்கொள்வது நேர விரயம். அனுமதி கொடுப்பவரும் எதிர்ப்பவரும் இருக்கும் மேசையில்தான் உட்கார வேண்டும். அப்படித்தான் சிறை நிர்வாகிகள் சங்கமும் செல்போன் நிறுவனங்களின் அமைப்பும் சேர்ந்த பணிக்குழு ஒன்றை எஃப்.சி.சி. எனப்படும் தகவல்தொடர்பு ஆணையத்தின் முயற்சியில் அமைத்தார்கள். 2019-இல் தென் கரோலினாவின் பிராட் ரிவர் சிறையில், மத்திய அரசு நிறுவனத்தின் மேற்பார்வையில், ஒரு பிரிவுக்குள் மட்டும் அடங்கும் சிறு ஜாமரைச் சோதித்தும் பார்த்தார்கள். 2021-இல் எஃப்.சி.சி. ஒரு விதி கொண்டுவந்தது: அங்கீகாரம் பெற்ற அமைப்பு மூலம் சிறைக்குள் இருக்கும் கள்ளப் போனை அடையாளம் கண்டு, நியமிக்கப்பட்ட சிறை அதிகாரி முறைப்படி கேட்டால், செல்போன் நிறுவனம் அதைச் செயலிழக்கச் செய்தாக வேண்டும். ஜாமருக்கு அனுமதி அப்போதும் கிடைக்கவில்லை.