‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலை வாசகர் வட்டத்தில் பேசுவது எப்படி?

ஹார்ப்பர் லீயின் இந்த நாவல் 1960-ல் வந்தது, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. அமெரிக்காவின் அலபாமாவில், மேயெல்லா என்ற வெள்ளைப் பெண்ணை வன்கொடுமை செய்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் டாம் ராபின்சனுக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞர் அட்டிகஸின் கதை, சொல்பவள் அவர் மகள் ஸ்கவுட். வாசகர் வட்டங்கள் விரும்பி எடுக்கும் நூல், அதே அளவுக்கு வீணடிக்கும் நூலும்கூட. “நிறவெறி தப்பு, அட்டிகஸ் நல்ல மனுஷன்” என்று முதல் பத்து நிமிடத்தில் எல்லோரும் ஒத்துப்போய்விடுவார்கள். மீதி நேரம் வடைக்குத்தான். மதுரையில் இதை எடுப்பவர்கள் கருத்துகளை மோதவிட்டு, மோதலைப் பக்கங்களோடு கட்டிப்போட என்ன செய்யலாம் என்பதற்கான வழிமுறை இது.

ஆளும் இடமும்

பத்துப் பன்னிரண்டு பேர் போதும். பதினைந்தைத் தாண்டினால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் செல்போன் பார்ப்பார்கள். வட்டமாக உட்காருங்கள். வகுப்பறை மாதிரி வரிசை போட்டால் முன்னால் இருப்பவர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். பேராசிரியர் யாராவது இருந்தால் அவரைக் கடைசியில் பேசச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் முதலில் தீர்ப்பு சொல்லிவிட்டால் “சார் சொன்னதுதான்” என்று ஐந்து பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

மொட்டை மாடியாக இருந்தால் மாலை ஐந்தரைக்கு மேல்தான், அதுவும் வெயில் காலத்தில் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு. முகூர்த்த நாளில் மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் வைக்காதீர்கள், ஒலிபெருக்கிக்கு மேல் கத்திப் பேசினால் சாதாரணக் கருத்துகூடச் சண்டை போலக் கேட்கும். சித்திரைத் திருவிழா வாரத்தில் கூட்டமே போட வேண்டாம். செல்லூர்க்காரர் ஆற்றைத் தாண்டி வருவதற்குள் நீங்கள் முடித்திருப்பீர்கள்.

டீயை நடுவில் வரவிடாதீர்கள். ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். தம்ளர் தட்டு உள்ளே வரும் நேரம் பார்த்தால், பெரும்பாலும் யாரோ தயங்கித் தயங்கி வாய் திறந்த நேரமாகத்தான் இருக்கும்.

31 அத்தியாயத்தை மூன்றாக வெட்டுங்கள்

ஒரே கூட்டத்தில் முழு நாவலையும் பேசக் கூடாது. வழக்கு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று அமர்வு வையுங்கள்: 1 முதல் 11 வரை, 12 முதல் 21 வரை, 22 முதல் 31 வரை. முதல் வெட்டு நாவலின் முதல் பாகத்தோடு அப்படியே பொருந்தும். இரண்டாவது வெட்டு தீர்ப்பில் நிற்கும்.

பக்க எண் சொல்லிப் பேசாதீர்கள். ஒருவர் கையில் பழைய பேப்பர்பேக், இன்னொருவரிடம் புதுப் பதிப்பு, மூன்றாமவர் தமிழில் படித்திருப்பார், நான்காமவர் செல்போனில். எல்லோருக்கும் பொதுவானது அத்தியாய எண்தான். “எட்டாவது அத்தியாயம், பனி பெய்த நாள்” என்று சொல்லிப் பழக்குங்கள்.

முதல் பாகத்தில்தான் ஆட்கள் கழன்றுகொள்வார்கள். “கதை எங்கே ஆரம்பிக்குது?” என்ற புகார் உறுதியாக வரும். அதற்காகப் பன்னிரண்டுக்குத் தாவச் சொன்னால் பின்னால் பாதி விளங்காது. மூன்றாம் அத்தியாயத்தில் வால்டர் கன்னிங்ஹாம் என்ற ஏழைப் பையன் மதியச் சாப்பாட்டுக்கு வந்து தட்டு முழுக்கச் சிரப் ஊற்றிக்கொள்கிறான். கேலி செய்த ஸ்கவுட்டைச் சமையற்கட்டுக்குள் இழுத்துப்போய்க் கண்டிப்பது வீட்டுச் சமையல் வேலை பார்க்கும் கறுப்பினப் பெண் கல்பர்னியா. 15-ம் அத்தியாயத்தில் சிறை வாசலில் கூடிய கும்பல் கலைந்துபோவதற்கும், 23-ல் அதே பையனை வீட்டில் சேர்க்கக் கூடாது என்று அத்தை அலெக்சாண்ட்ரா தடுப்பதற்கும் வேர் இந்தச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. நேரமில்லாதவர்களுக்கு 2, 3, 10, 11 மட்டுமாவது கட்டாயம் என்று சொல்லுங்கள்.

1962-ல் வந்த படத்தை மட்டும் பார்த்துவிட்டு வருபவர் ஒருவராவது இருப்பார். விரட்ட வேண்டாம், ஆனால் படத்தில் இல்லாதவற்றை அறிந்து வைத்திருங்கள். அத்தை அலெக்சாண்ட்ரா படத்தில் இல்லவே இல்லை. கல்பர்னியா பிள்ளைகளைத் தன் தேவாலயத்துக்கு அழைத்துப்போகும் 12-ம் அத்தியாயமும் இல்லை. இவை போனதும் அட்டிகஸ் தானாகவே பெரிதாகிவிடுகிறார். படம் பார்த்தவரின் கருத்து ஏன் ஒரு பக்கம் சாய்கிறது என்பதற்கு இது பாதி விடை.

பார்த்தது, கேட்டது, ஊகித்தது

இந்த நாவலைப் பற்றிய சச்சரவுகளில் பெரும்பாலானவற்றைத் தீர்க்க ஒரு கருவி உண்டு. கதை முழுவதும் ஒரு சிறுமியின் கண் வழியே வருகிறது. ஆரம்பத்தில் ஸ்கவுட்டுக்கு ஆறு வயது நிரம்பவில்லை, முடியும்போது எட்டு. ஆகவே ஒவ்வொரு நிகழ்வுக்கும் பக்க ஓரத்தில் பென்சிலால் ஓர் எழுத்து போடச் சொல்லுங்கள்: அவள் தானே பார்த்தது ‘பா’, பிறர் சொல்லிக் கேட்டது ‘கே’, ஊகித்தது ‘ஊ’.

அப்படிக் குறித்தால் என்ன தெரியும்? வழக்கு விசாரணை பெரும்பாலும் ‘பா’. அதிலும் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கிய மாடத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள். டாம் ராபின்சனின் சாவு ‘கே’. 24-ம் அத்தியாயத்தில், கூடத்தில் பெண்கள் காபி குடித்துக்கொண்டிருக்க, சமையற்கட்டில் வைத்து அட்டிகஸ் சொல்லித்தான் தெரிகிறது. சிறையிலிருந்து தப்ப முயன்றபோது காவலர்கள் சுட்டதில் உடம்பில் பதினேழு குண்டுகள். டாமின் மனைவி ஹெலன் செய்தி அறிந்து சரிந்து விழுவதும் ‘கே’, அதை ஸ்கவுட்டின் நண்பன் டில் வந்து சொல்கிறான். டாமின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதற்குக் குறியே விழாது, ஏனென்றால் நாவல் அங்கே போவதே இல்லை.

“கறுப்பினத்தவரின் கதை, ஆனால் அவர்கள் பேசவில்லை” என்ற விமர்சனத்தை யாராவது எழுப்பினால், அது பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டாகக் காற்றில் நிற்காது, இந்தக் குறிகளைக் காட்டிப் பேசலாம். “ஒரு குழந்தைக்கு எட்டிய தூரம் அவ்வளவுதானே” என்று மறுப்பவருக்கும் அதே குறிகள்தான் ஆதாரம். இரண்டு பேரும் ஒரே பக்கத்தைக் காட்டி முட்டிக்கொள்ளும்போதுதான் கூட்டம் சூடு பிடிக்கும்.

“எட்டு வயசுப் பிள்ளை இப்படியா பேசும்?” என்ற ஆட்சேபணைக்கும் இங்கேயே பதில் தேடலாம். சொல்பவள் வளர்ந்த ஸ்கவுட், நடந்தபோது இருந்தவள் சிறுமி. 15-ம் அத்தியாயத்தில் கும்பலைப் பார்த்து அவள் பள்ளித் தோழனின் அப்பாவிடம் நலம் விசாரிக்கிறாள். ஆபத்து நமக்குப் புரிகிறது, அவளுக்குப் புரியவில்லை. அந்த இடைவெளி எங்கெல்லாம் நன்றாக வேலை செய்கிறது, எங்கே பெரியவளின் குரல் குழந்தையின் வாயில் திணிக்கப்படுகிறது என்று ஆளுக்கு ஓர் இடம் காட்டச் சொல்லுங்கள்.

அட்டிகஸ் வழக்கு

இரண்டாம் அமர்வில் இதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். குறைத்தால் ஆராதனையோடு நின்றுவிடும்.

ஆதரவுக்குச் சான்று தேட வேண்டியதில்லை. மேயெல்லாவின் காயம் முகத்தின் வலப்பக்கம், டாமின் இடக்கை சிறு வயதில் பருத்தி ஜின் இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது, அவளுடைய அப்பா பாப் யூவெல் இடக்கைக்காரன். 17 முதல் 19 வரையான அத்தியாயங்களில் இதைத் துண்டு துண்டாக அவர் நிறுவும் விதம் அருமையானது. எதிர்த்தரப்புக்குத்தான் சான்று எடுத்துக் கொடுக்க வேண்டும். 15-ம் அத்தியாயத்தில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை ஏதோ ஓர் அரசியல் அமைப்பாக இருந்தது போல அவர் லேசாகச் சொல்லிக் கடக்கிறார். பிள்ளைகளைத் தாக்கிய பாப் யூவெலை, வீட்டைவிட்டு வெளியே வராத பக்கத்து வீட்டு பூ ராட்லி கொன்றுவிடுகிறார். அவன் தன் கத்தி மீதே விழுந்து செத்தான் என்று ஷெரிஃப் சொல்லும் கதைக்கு 30-ம் அத்தியாயத்தில் அட்டிகஸ் இணங்கி, அந்தச் சாவை விசாரணை இல்லாமல் விடுகிறார். சட்டம் எல்லோருக்கும் பொது என்று வாதாடியவர் இங்கே விட்டுக்கொடுப்பது பூ ராட்லி மீதான கருணையா, அல்லது அந்தக் கருணையும் வெள்ளையருக்கு மட்டும் வாய்த்ததா? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு நடத்துநர் வாயை மூடிக்கொள்வது நல்லது.

21-ம் அத்தியாயத்தின் முடிவைச் சத்தமாக வாசியுங்கள். தோற்றுவிட்டு நடந்துபோகும் வழக்கறிஞருக்காக மாடத்தில் இருந்த கறுப்பின மக்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். இதை வாசித்துக் கண்கலங்குபவர்களும் எரிச்சலடைபவர்களும் ஒரே வட்டத்தில் இருப்பார்கள். தண்டனை பெற்றவர் டாம், மரியாதை அட்டிகஸுக்கு என்பதே எரிச்சலுக்குக் காரணம்.

மதுரைக்காரர்களுக்கு இதைப் பேச ஓர் உள்ளூர்த் திறவுகோல் உண்டு. நாவலின் காலம் 1930-களின் நடுப்பகுதி. 1939 ஜூலை 8-ல் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அதுவரை தடுக்கப்பட்டிருந்தவர்களை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றார். அவர் பெயரை எல்லோரும் சொல்வார்கள். அழைத்துச் செல்லப்பட்டவர்களில் மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டிக் கக்கனைத் தாண்டி இன்னொரு பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் அமைதிதான் வரும். வைத்தியநாத ஐயரின் துணிவைக் குறைக்க இதைக் கேட்கவில்லை. ஊர் நினைவு யாரை முன்னே நிறுத்துகிறது என்பதை நாவலுக்கு வெளியேயும் காட்டத்தான்.

நிறமும் சாதியும்: எங்கே நிறுத்துவது

“அங்க நிறம், இங்க சாதி, அவ்வளவுதான்” என்ற வாக்கியம் வந்தே தீரும். அதை அப்படியே விட்டுவிட்டால் நாவலும் போச்சு, ஊரும் போச்சு. 23-ம் அத்தியாயத்தைத் திறக்கச் சொல்லுங்கள். உலகில் நாலு வகை ஆட்கள் என்று ஸ்கவுட்டின் அண்ணன் ஜெம் ஏணி போடுகிறான்: நம்மைப் போன்றவர்கள், காட்டோரக் கன்னிங்ஹாம்கள், குப்பைமேட்டு யூவெல்கள், கறுப்பினத்தவர். ஒவ்வொரு படியும் அடுத்த படியை வெறுக்கிறது. இது நமக்கு உடனே பிடிபடும். ஆனால் மேல் மூன்று படியும் வெள்ளையர்கள் என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். யூவெல் எவ்வளவு கீழே கிடந்தாலும் நீதிமன்றத்தில் அவன் சொல் டாமின் சொல்லை வென்றுவிடுகிறது. ஒப்புமை எங்கே பொருந்துகிறது, எங்கே உடைகிறது என்று இரண்டையும் பலகையில் எழுதுங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. “உங்க ஊர்ல எப்படிண்ணே?” என்று ஒருவரைப் பார்த்துக் கேட்பது. கேட்டவருக்கு அது ஆர்வம். மற்ற பதினோரு பேரும் திரும்பிப் பார்க்க, அவர் சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்டவர் ஆகிவிடுகிறார். அதற்குப் பதிலாகத் துண்டுச்சீட்டு கொடுங்கள். கேள்வி: “சிறு வயதில் காரணம் சொல்லாமல் பெரியவர்கள் உங்களைத் தடுத்த ஒரு வாசல், ஒரு தம்ளர் அல்லது ஒரு நண்பர்.” இரண்டு வரி போதும், பெயர் வேண்டாம். சீட்டுகளைக் கலந்து நடத்துநர் ஒருவரே வாசித்துவிட்டுக் கிழித்துவிட வேண்டும், சின்ன வட்டத்தில் கையெழுத்து யாருடையது என்று தெரிந்துபோகும். தடுக்கப்பட்டவர் வீட்டிலிருந்தும் தடுத்தவர் வீட்டிலிருந்தும் சீட்டு வரும். வால்டரைப் பற்றிய அத்தையின் தடைக்கு அருகில் இவற்றை வைத்துப் பேசுங்கள்.

நாவலில் கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் சொல் நிறைய வருகிறது. சத்தமாக வாசிக்கும் பகுதியில் அதை உச்சரிப்பதா, ஒரு கணம் நிறுத்திவிட்டுப் போவதா என்று முதல் அமர்வின் தொடக்கத்திலேயே முடிவெடுங்கள். உள்ளூர் சாதி வசவு ஒன்றை அந்த இடத்தில் போட்டு ‘தாக்கம்’ உண்டாக்கப் பார்ப்பவர்களைத் தடுத்துவிடுங்கள். அந்தத் தாக்கம் விழப்போவது நாவல் மீதல்ல, அருகில் உட்கார்ந்திருப்பவர் மீது.

2015-ல் வெளியான ஹார்ப்பர் லீயின் மற்ற நாவலான ‘கோ செட் எ வாட்ச்மேன்’-ல் வரும், நிறப் பிரிவினையை ஆதரிக்கும் வயதான அட்டிகஸை யாராவது இழுப்பார்கள். மூன்றாம் அமர்வின் கடைசி கால் மணி நேரம் வரை அவரை வெளியே நிறுத்தி வையுங்கள். முன்னாலேயே விட்டால் இந்த நாவலின் பக்கங்களை யாரும் திறக்க மாட்டார்கள்.

குறிப்பெடுப்பவர்

ஒவ்வொரு அமர்வுக்கும் வேறொருவர். நோட்டில் மூன்று பத்தி: கருத்து, அத்தியாய எண், அதற்கு வந்த மறுப்பு. அத்தியாய எண் இல்லாத கருத்தை எழுத வேண்டாம். இந்த விதி தெரிந்ததும் ஆட்கள் புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். வெளியே பகிர்வதற்கு ஒரு பக்கத் தொகுப்பு எழுதினால், தீராத மறுப்பைத் தீர்ந்தது போல மழுப்பாமல் இரு தரப்பையும் அருகருகே போடுங்கள். துண்டுச்சீட்டில் வந்தது எதுவும் அதில் சேரக் கூடாது. பெயர் போடுவதற்கு அவரவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள், குழுவில் பொதுவாகக் கேட்டால் மறுக்க நினைப்பவரும் தலையாட்டிவிடுவார்.