போர்ட்ரெய்ட்டுக்கு 50எம்எம்: 1.8 போதுமா, 1.4 வேணுமா?

50எம்எம் லென்ஸ் வாங்கப் போறவங்க எடுத்த எடுப்புல கேக்குறது 1.8ஆ 1.4ஆன்னுதான் (லென்ஸ் எவ்ளோ தொறக்கும்னு சொல்ற நம்பர், அது கொறையக் கொறைய வெளிச்சம் கூட வரும்), ஆனா மொதல்ல பாக்க வேண்டியது உங்க கேமரா பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேமா, சின்ன சென்சார் உள்ள க்ராப்பான்னு. க்ராப் பாடில 50 போட்டா 75, 80எம்எம் மாதிரி கிட்ட இழுத்துக் காட்டும், முகத்துக்கு அருமை, ஆனா வீட்டுக்குள்ள எடுக்கணும்னா பின்னால நகர எடம் இருக்காது, அப்படிப்பட்டவங்க 35எம்எம் 1.8 பாருங்க. நிக்கான் டி3000, டி5000 வரிசை வச்சிருக்கவங்க வெல கம்மியா கெடைக்குதேன்னு பழைய 50 1.8டி வாங்கிராதீங்க, பாடில ஃபோகஸ் மோட்டார் கெடையாது, கையாலதான் திருப்பணும். லென்ஸுக்குள்ளயே மோட்டார் இருக்குற 1.8ஜி எடுங்க.

1.8லருந்து 1.4க்குப் போனா கெடைக்குற லாபம், ஐஎஸ்ஓ (வெளிச்சம் பத்தாதப்ப கேமரால கூட்டி வைக்குற நம்பர், கூடக் கூட படத்துல புள்ளி புள்ளியா விழும்) 3200ல எடுக்குறத 2000ல எடுக்கலாம், அவ்ளோதான். தோவாளை பூ மார்க்கெட்ல விடியுறதுக்கு முன்னாடி பல்பு வெளிச்சத்துல பூக்காரங்கள எடுக்கணும், ராத்திரி கல்யாண ரிசப்ஷன் எடுக்கணும்னா அது பெரிய விஷயம்தான், காசு போடலாம். முட்டம் பீச்ல சாயங்காலம் எடுக்குறவங்களுக்கு 1.8 தாராளம், அந்தக் காசுல வெளிச்சத்த முகத்துல திருப்பி அடிக்குற ஒரு ரிஃப்ளெக்டர் வாங்குங்க, நான் அதத்தான் சொல்லுவேன்.

இன்னொண்ணு, ஃபுல் ஃப்ரேம்ல ஒன்றரை மீட்டர் தள்ளி நின்னு 1.4ல எடுத்தா ஷார்ப்பா நிக்குறது சுமார் ஏழரை சென்டிமீட்டர்தான், ஆளு தலைய லேசா திருப்புனாலே கிட்ட உள்ள கண்ணு இமை முடி வரைக்கும் தெரியும், அந்தப்பக்கத்துக் கண்ணு கலங்கிரும். கண்ண தானா கண்டுபுடிச்சு ஃபோகஸ் பண்ற ஐ ஃபோகஸ் உள்ள மிரர்லெஸ் கேமரான்னா சமாளிக்கலாம், பழைய டிஎஸ்எல்ஆர்ல 1.4 வாங்குனாலும் பாதி நேரம் 2லயோ 2.8லயோதான் எடுப்பீங்க. 1.2 லென்ஸ தொழில்காரங்களுக்கு விட்ருங்க, கேனான் 1.8 எஸ்டிஎம் 160 கிராம், அவங்க 1.2எல் அரைக் கிலோவுக்கு மேல, நாள் முழுக்க தூக்கிப் பாத்தாத்தான் தெரியும்.

கடையில சும்மா மாட்டிப் பாத்துட்டு வந்துராதீங்க மக்களே. கூட வந்தவங்கள வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிக்க வச்சு, கிட்ட உள்ள கண்ணுல ஃபோகஸ் வச்சு, முழுசா தொறந்து ஒண்ணு, 2ல ஒண்ணு, 2.8ல ஒண்ணு எடுங்க. ஸ்கிரீன்ல நூறு சதவீதம் பெருசாக்கி இமையப் பாருங்க, தலைமுடி ஓரத்துல ஊதா கலர் கோடு விழுதான்னும் பாருங்க. செகண்ட் ஹேண்ட்னா டார்ச் அடிச்சு உள்ள பாக்காம காசு குடுக்காதீங்க, கடக்கரை ஈரத்துக்கு நம்ம ஊரு லென்ஸுல பூஞ்சை சீக்கிரம் புடிச்சிரும்.