‘முடியலைங்க’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது

ஓமலூரிலிருந்தும் வாழப்பாடியிலிருந்தும் சேலத்துக்கு வேலைக்கு வருபவர்களின் விடுப்புக் கடிதங்களை நிறையத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது: ‘ஐ ஆம் இன்டிஸ்போஸ்ட் டு அட்டெண்ட் ஆபீஸ் டுடே.’ உடம்பு சரியில்லை, அதனால் வர இயலாது என்று சொன்னதாகத்தான் எழுதியவர் நினைக்கிறார். படிக்கும் மேலாளருக்கோ, ‘இன்றைக்கு ஆபீசுக்கு வர எனக்கு விருப்பமில்லை’ என்று போய்ச் சேருகிறது. காய்ச்சலில் படுத்துக்கொண்டு எழுதிய கடிதம் திமிராகப் படிக்கப்படுவது எவ்வளவு அநியாயம்!

இன்டிஸ்போஸ்ட் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். லேசாக உடம்பு சரியில்லாமல் இருப்பது ஒன்று. ஒரு காரியத்தைச் செய்ய மனமில்லாமல் இருப்பது இன்னொன்று. எந்தப் பொருள் என்பதைப் பின்னால் வரும் ‘டு’தான் காட்டிக்கொடுக்கும். ‘ஷீ இஸ் இன்டிஸ்போஸ்ட்’ என்று அதோடு நிறுத்தினால், அவருக்கு உடம்பு சரியில்லை. ‘ஹீ இஸ் இன்டிஸ்போஸ்ட் டு ஹெல்ப் அஸ்’ என்று ‘டு’வும் வினைச்சொல்லும் சேர்ந்தால், நமக்கு உதவ அவருக்கு மனமில்லை. லத்தீனில் ஒழுங்காக அடுக்கி வைப்பதைக் குறித்த சொல்லிலிருந்துதான் டிஸ்போஸ் வந்தது. உடம்பும் ஒழுங்கு குலையலாம், மனசும் இணங்காமல் போகலாம் என்பதால் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் தங்கிவிட்டன.

ஆகவே கடிதத்தில் அந்த ‘டு’வை எடுத்துவிட்டு, ‘ஐ ஆம் இன்டிஸ்போஸ்ட் அண்ட் கேனாட் கம் டுடே’ என்று எழுதலாம். என்னைக் கேட்டால் ‘அன்வெல்’ போதும். எளிய சொல்லைப் போட்டால் மரியாதை குறைந்துவிடும் என்ற பயம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அப்படி எதுவும் குறையாது.

இந்தக் குழப்பத்துக்கு நம் பேச்சிலேயே ஒரு காரணம் இருப்பதாக நினைக்கிறேன். ‘அம்மாவுக்கு முடியலைங்க’ என்றால் நோய். ‘பஸ் கிடைக்கல, வர முடியலைங்க’ என்றால் இயலாமை. ‘அதெல்லாம் வர முடியாது’ என்று அழுத்திச் சொன்னால் மறுப்பு. நேரில் பேசும்போது குரலும் முகமும் வித்தியாசத்தைச் சொல்லிவிடும். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. நோயா, இயலாமையா, விருப்பமின்மையா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நோய்க்கு அன்வெல், இயலாமைக்கு அன்ஏபிள், விருப்பமின்மைக்கு அன்வில்லிங். மழையில் பாதை அடைபட்டு வர முடியாமல் போனவர் ‘அன்வில்லிங் டு கம்’ என்று எழுதினால், பழி மழையை விட்டு அவர் மேலேயே விழுந்துவிடும்.

அளவையும் பார்க்க வேண்டும். இன்டிஸ்போஸ்ட், ‘அண்டர் தி வெதர்’, ‘ஆஃப் கலர்’ எல்லாமே லேசான, சீக்கிரம் சரியாகிவிடும் உபாதைக்குத்தான். டெங்குவில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவரைப் பற்றி இப்படி எழுதினால் விஷயத்தின் தீவிரம் தெரியாமலே போய்விடும். அங்கே நோயின் பெயரையும், மருத்துவமனையில் இருப்பதையும் நேராகச் சொல்லுங்கள். அண்டர் தி வெதர் நண்பர்களிடம் பேசும்போது நன்றாக இருக்கும், மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம். இதற்கு நேர்மாறான தவறு, ஒருநாள் தலைவலிக்கு ‘மை ஹெல்த் இஸ் நாட் குட்’ என்று எழுதுவது. நீண்ட நாளாகவே உடல்நலம் குன்றியவர் என்று படிப்பவர் கவலைப்படுவார். ‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்’ என்பதையும் ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏற்காடு பஸ். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பலருக்கு வயிற்றைப் பிரட்டும். நாம் சொல்லும் ‘வாமிட்டிங் சென்சேஷன்’ இங்கே எல்லோருக்கும் புரியும். பக்கத்து சீட்டில் வெளிநாட்டுக்காரர் இருந்தால் ‘ஐ ஃபீல் சிக்’ அல்லது ‘ஐ ஃபீல் குவீஸி’ என்று சொல்லுங்கள். ஆனால் ‘சிக்’ என்ற சொல்லில் கவனம் தேவை. ‘ஐ வாஸ் சிக் ஆன் தி பஸ்’ என்றால் பிரிட்டிஷ்காரருக்கு, பஸ்ஸிலேயே வாந்தி எடுத்துவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம். அமெரிக்கருக்கு அது வெறுமனே உடம்பு சரியில்லை என்பதாகவும் இருக்கலாம். வெறும் குமட்டல்தான் என்றால் குவீஸி தெளிவான சொல்.

மனமில்லை என்று சொல்லும் சொற்களில் மூன்று ஜோடிகள் ஆளை ஏமாற்றும். லோத் என்ற சொல்லைக் கடைசியில் ‘ஈ’ எழுத்து இல்லாமல் எழுதினால் விருப்பமில்லாத என்று பொருள். அந்த ‘ஈ’ சேர்ந்தால் அது அருவருத்து வெறுப்பதைச் சொல்லும் வினைச்சொல், உச்சரிப்பும் கடைசியில் கொஞ்சம் மாறும். ‘ஐ ஆம் லோத் டு லீவ் சேலம்’ என்று ஊர்ப் பாசத்தில் எழுதும்போது ‘ஈ’யைச் சேர்த்துவிடாதீர்கள். இன்னொரு ஜோடி ரிலக்டன்ட், ரெட்டிசென்ட். முன்னது எந்தக் காரியத்துக்கும் வரும் தயக்கம். பின்னது பேசவும் மனதைத் திறக்கவும் மட்டும் வரும் தயக்கம். மூன்றாவது ஜோடியில் அவெர்ஸ் மனிதரின் விருப்பமின்மை, அட்வெர்ஸ் என்பதோ பாதகமான சூழ்நிலை அல்லது விளைவு.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குக் கூப்பிடும் அலுவலக நண்பரிடம் ‘ஐ ஆம் நாட் இன்டரஸ்டட்’ என்று சொல்லாதீர்கள். கூப்பிட்டவரின் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். ‘தேங்க்ஸ், பட் ஐட் ராதர் ஸ்டே ஹோம் திஸ் சண்டே’ என்றால், வர மனமில்லை என்பது அவருக்குப் புரியும், வருத்தமும் இருக்காது.