வடசென்னையிலிருந்து கோல்ஃப்: கிரீனைச் சுற்றி நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. இங்கிருந்து ஆடப் போகிறவர்கள் நந்தனம் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் ரயில் மாறாமல் நந்தனத்தில் இறங்க முடிகிறது. அப்படியிருந்தும் வேலைக்குப் போகிற ஒருவருக்கு வாரம் ஒரு ஆட்டம் வாய்த்தாலே அதிகம். இதைச் சொல்லி, "நமக்கெல்லாம் ஆட்டம் எங்கே முன்னேறப் போகிறது" என்று நம் பகுதி நண்பர்கள் அலுத்துக்கொள்ளும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. கோல்ஃபில் மைதானத்துக்குப் போகாமலே வளர்த்துக்கொள்ளக்கூடிய பகுதி ஒன்று இருக்கிறது. குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரையான கிரீனை ஒட்டி ஆடும் ஷார்ட் கேம்தான் அது: பந்தைச் சற்றே எழுப்பிக் கிரீனில் இறக்கும் சிப், மணல் பள்ளமான பங்கரிலிருந்து அடிப்பது, கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் புட்டிங். பத்தடித் தரை, ஒரு துண்டு, ஒரு டம்ளர் இருந்தால் பெரும்பகுதியைப் பழகிவிடலாம். பலரும் பழகத்தான் செய்கிறார்கள், தவறாகப் பழகுகிறார்கள்.

ஷார்ட் கேம்தான் எல்லாம் என்று நான் சொல்லவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரின் ஆட்டத் தரவுகளை ஆராய்ந்து, நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் உள்ள ஸ்கோர் வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளால் வருகிறது என்று காட்டினார். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த இரண்டு பங்கை வளர்க்கத் தொலைவுக்கு அடித்துப் பழகும் ரேஞ்ச் வேண்டும், பணம் வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், நேரம் வேண்டும். மீதி ஒரு பங்கு வீட்டிலேயே கிடைக்கிறது. கைக்கு எட்டுவதை விட்டுவிட்டு, வாரத்தில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தையும் டிரைவர் என்ற நீண்ட கோலை ஓங்கி அடித்தே தீர்த்துவிடுவதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு.

அடுத்தது சிப். பந்து கிரீனுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, நடுவே பத்தடிப் புல். அதைத் தாண்டிப் பந்து எழும்ப வேண்டும் என்ற கவலையில் மணிக்கட்டு முன்னால் மடங்குகிறது, உடல் எடை பின்னங்காலுக்குப் போகிறது, அடிக்கும் கோலான கிளப் கீழிருந்து மேலாக வாருகிறது. விளைவு இரண்டில் ஒன்று. கிளப் பந்துக்குப் பின்னால் மண்ணில் இறங்கும். இல்லையென்றால் அதன் கீழ் விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டி மறுபக்கம் ஓடும். பந்தை எழுப்புவது உங்கள் வேலை இல்லை. பிட்சிங் வெட்ஜ் என்ற கிளப்பில் பந்தில் படும் முகமே சுமார் 46 பாகை சாய்ந்திருக்கிறது. எழுப்புவதற்கென்றே அதைச் சாய்த்துச் செய்திருக்கிறார்கள். எடையில் பாதிக்கு மேல் முன்னங்காலில் வைத்து, அடி முடியும் வரை அங்கேயே வைத்திருந்து, பந்தையும் அதற்கு முன்னுள்ள புல்லையும் கிளப் உரசிச் செல்ல விட்டால் போதும்.

இதைத் திருத்தப் போய் வேறொரு தவறில் விழுபவர்களும் உண்டு. கைகள் முன்னால் இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டு, பந்தைப் பின்னங்காலுக்கு நேராக வைத்து, கிளப்பின் தண்டை முன்பக்கம் வெகுவாகச் சாய்த்துவிடுவார்கள். அப்போது கிளப்பின் அடியில் இருக்கும் புடைப்பு தரையைத் தொடாது; கத்தி போன்ற முன்விளிம்புதான் மண்ணில் செருகும். பெர்முடா என்ற வெப்பநாட்டுப் புல் உங்களுக்கு எதிராகச் சாய்ந்து வளர்ந்திருந்தால் கிளப் அப்படியே சிக்கி நின்றுவிடும். பந்து கால்களுக்கு நடுவே, கை பந்தைவிடச் சற்றே முன்னால். அதற்கு மேல் வேண்டியதில்லை.

மொட்டை மாடியில் கயிற்று மிதியடி மேல் பந்தை வைத்துச் சிப் பழகுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிதியடி உண்மையைச் சொல்லாது. நான்கு அங்குலம் பின்னால் அடித்தாலும் கிளப் வழுக்கிக்கொண்டு வந்து பந்தில் பட்டு, அடி சரியாக விழுந்தது போலவே தோன்றும். அதே அடியை நந்தனத்துப் புல்லில் அடித்தால் பந்து மூன்றடிகூட நகராது. பந்துக்கு நான்கு விரற்கடை பின்னால் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். கிளப் துண்டைத் தொடாமல் பந்தை எடுத்தால் அடி சரி, தொட்டால் தவறு. மாடியில் உண்மையான பந்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். 45 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவில் போகிறவர் தலையில் விழுந்தால் என்னாகும்? ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் பந்தோ ஸ்பாஞ்சுப் பந்தோ போதும்.

கிளப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பிடிவாதம் இருக்கிறது. தொலைக்காட்சியில் பார்த்த உயரமான, விழுந்தவுடன் நிற்கும் அடிக்கு ஆசைப்பட்டு, எந்த இடத்திலும் முகம் 60 பாகை சாய்ந்த வெட்ஜையே எடுக்கிறார்கள். அது எல்லாவற்றையும்விடக் கடினமான அடி. வழியில் பங்கரோ மேடோ இல்லையென்றால் முகம் குறைவாகச் சாய்ந்த 8-ஆம் எண் அயர்னை எடுத்து, புட்டிங் கிளப்பான புட்டரைப் போலவே ஆட்டி, பந்தைக் கிரீனின் ஓரத்தில் இறக்கி உருள விடுங்கள். சமதளத்தில், மணலுக்கென்று செய்த சாண்ட் வெட்ஜால் அடித்த பந்து பறக்கும் தூரம் அளவுக்கே உருளும். பிட்சிங் வெட்ஜ் ஏறத்தாழ இரண்டு பங்கு, 8-ஆம் எண் அயர்ன் நான்கு பங்கு வரை உருளும். கிரீனின் வேகத்தைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும், ஆனாலும் தொடங்குவதற்கு நல்ல அளவு. கிளப் பையைத் தூக்கி வரும் அனுபவமுள்ள கேடிகள் "முன்னாலேயே இறக்குங்கள் சார், உருண்டு போகும்" என்று சொல்வார்கள். கேளுங்கள். அந்தப் புல்லை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். கிரீனுக்கு வெளியே புல் குட்டையாக இருந்தால் புட்டராலேயே அடிக்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கிளப்பை வெகுதூரம் பின்னால் கொண்டுபோய், பந்தை நெருங்கும்போது "ஐயோ, அதிகம் போய்விடும்" என்று வேகத்தைக் குறைப்பது இன்னொரு பழக்கம். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் கேரம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2008-இல் பிரான்ஸில் உலகச் சாம்பியனான இளவழகியும், 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் வடசென்னைத் தெருக்களில் வளர்ந்தவர்கள்தாம். காய் மெல்லப் போக வேண்டும் என்றால் கேரம் ஆடுபவர் விரலை மெல்லச் சுண்டுவார். வேகமாகச் சுண்டத் தொடங்கி நடுவில் தயங்க மாட்டார். தயங்கினால் ஸ்ட்ரைக்கரின் திசையும் போகும், வேகமும் போகும். சிப்பிலும் அப்படித்தான். குறைந்த தூரத்துக்கு, கிளப்பைப் பின்னால் கொண்டுபோகும் பேக்ஸ்விங்கைக் குறைத்துக்கொண்டு, முன்னால் போகும்போது குறைந்தது அதே அளவு போக விடுங்கள்.

புட்டிங்குக்கு வருவோம். வீட்டில் பழக எல்லாவற்றையும்விட ஏற்றது இதுதான். அதிகம் வீணாகப் பழகப்படுவதும் இதுதான். பெரும்பாலோர் ஹாலில் கம்பளம் விரித்து, ஒரே இடத்திலிருந்து ஒரே தூரத்துக்கு அடித்துக்கொண்டே இருப்பார்கள். பத்தாவது பந்திலேயே கை அந்தத் தூரத்தை மனப்பாடம் செய்துவிடும். அதற்குப் பிறகு அடிப்பதெல்லாம் பொழுதுபோக்கு.

திசையும் தூரமும் வேறு வேறு திறமைகள். அவற்றைத் தனித்தனியாகப் பழக வேண்டும். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, படும் நொடியில் புட்டரின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். முகம் 1 பாகை விலகினால் பத்தடி தூரத்தில் பந்து சுமார் 5.3 சென்டிமீட்டர் விலகும். குழியின் விட்டம் 10.8 சென்டிமீட்டர், அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு 5.4. ஆகவே பத்தடியில் 1 பாகைப் பிழையை மட்டுமே குழி மன்னிக்கும். இதைப் பழக டைல்ஸ் தரை போல வேறொன்று இல்லை. இரண்டு டைல்ஸ்களுக்கு இடையிலுள்ள கோட்டின் மேல் பந்தை வைத்து, ஆறடிக்கு அந்தக் கோட்டை ஒட்டியே உருட்டப் பாருங்கள். தரை சமமாக இருந்தும் பந்து கோட்டை விட்டு விலகினால், முகம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்து அதைக் குழியாகக் கொள்ளலாம். அதன் வாய் குழியைவிடக் குறுகியது. அதில் போடப் பழகியவருக்கு மைதானத்துக் குழி பெரிதாகத் தெரியும்.

இப்போது தூரம். இருபது அடியில் அதே 1 பாகைப் பிழை பந்தைப் பக்கவாட்டில் சுமார் 10.6 சென்டிமீட்டர்தான் விலக்கும். ஆனால் நாம் அந்தத் தூரத்திலிருந்து அடிக்கும்போது பந்து ஐந்தடி முன்னால் நின்றுவிடுகிறது அல்லது ஐந்தடி தாண்டிப் போகிறது. ஒரு கிரீனில் மூன்று புட் ஆகிவிடுவது பெரும்பாலும் இதனால்தான். அப்படியிருந்தும் நீளமான புட்டுக்கு முன்னால் குனிந்து குனிந்து திசையைத்தான் பார்க்கிறோம். வீட்டில் சுவரை நோக்கி உருட்டி, சுவரைத் தொடாமல் எவ்வளவு நெருக்கமாக நிறுத்த முடிகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பந்துக்கும் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். மைதானத்தில் நீளமான புட்டுக்கு முன், குழியைப் பார்த்தபடியே இரண்டு முறை கையை ஆட்டிப் பார்த்துவிட்டு அடியுங்கள். 2019 விதிகளின்படி குழியில் நிற்கும் கொடியை எடுக்காமலேயே புட் செய்யலாம். தூரத்தைக் கண் பிடிக்க அது உதவும்.

எட்டடி புட் தவறினால் புட்டரைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே எட்டடியில் இரண்டுக்கு ஒன்றைத்தான் போடுகிறார்கள். மூன்றடி தவறினால் வருந்துங்கள்.

சென்னை மைதானங்களில் புட் செய்யும்போது புல்லின் சாய்வைப் பார்க்காமல் விடுவதும் தவறு. வெப்பநாட்டுப் புல் ஒரு பக்கமாகப் படுத்து வளரும். பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது கிரீன் பளபளப்பாகத் தெரிந்தால் புல் உங்களை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருமையாகத் தெரிந்தால் எதிர்த்து நிற்கிறது, கொஞ்சம் பலமாக அடிக்க வேண்டும்.

பங்கர் என்றால் நம்மில் பலருக்குப் பயம். எனக்கு இதில் வியப்பு உண்டு, ஏனென்றால் நாம் மணலை ஒட்டி வாழ்கிறவர்கள். ஸ்பெயின் நாட்டுக் கோல்ஃப் வீரர் செவ் பயஸ்டெரோஸ் சிறுவயதில் பெட்ரேனா ஊர்க் கடற்கரையில் ஒரே ஒரு 3-ஆம் எண் அயர்னை வைத்துக்கொண்டு ஆடிப் பழகியவர். பிற்காலத்தில் கிரீனைச் சுற்றி அவருடைய கை செய்த அற்புதங்களுக்கு அந்த மணல்தான் பள்ளிக்கூடம். நமக்குத் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை, கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுகளுக்கு இடையே மணல் சேர்ந்திருக்கிறது. மீனவர்கள் வலை உலர்த்தும் இடத்தையும் படகு ஏற்றும் இடத்தையும் விட்டுத் தள்ளி, ஆள் இல்லாத மூலையில், பந்தே இல்லாமல் பழகலாம்.

பங்கரில் செய்யும் அடிப்படைத் தவறு பந்தை அடிக்கப் பார்ப்பது. அங்கே அடிக்க வேண்டியது மணலை. பந்து மணலோடு சேர்ந்து வெளியே வரும். மணலில் ஒரு கோடு போட்டு, அதற்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நின்று, வெட்ஜின் முகத்தை வானம் பார்க்கச் சற்றுத் திறந்து, கிளப் சரியாக அந்தக் கோட்டிலேயே மணலில் இறங்குகிறதா என்று பாருங்கள். பந்து இருந்தால் அது கோட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு முன்னும் பின்னும் சிதறாமல் வரிசையாக இறங்கத் தொடங்கிவிட்டால் பயம் போய்விடும். ஆழமாகக் குழி விழுந்தால் முன்விளிம்பு செருகுகிறது என்று பொருள். முகத்தை இன்னும் திறங்கள். சாண்ட் வெட்ஜின் அடிப்புடைப்பு மணலில் வழுக்குவதற்காகவே வந்தது. அமெரிக்க வீரர் ஜீன் சாரசன் அப்படி ஒரு கிளப்பை உருவாக்கி, 1932-இல் அதை வைத்து பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார்.

அலை தொட்ட ஈர மணலிலும் மேலேயுள்ள உலர்ந்த மணலிலும் மாறி மாறிப் பழகுங்கள். ஈர மணல் கெட்டியானது. அதில் முகத்தை அதிகம் திறந்தால் கிளப் மோதித் துள்ளும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு மைதானத்துப் பங்கர்கள் அப்படித்தான் இருக்கும். ஒரு எச்சரிக்கை: கடற்கரையில் கிளப்பை மணலில் ஊன்றிப் பழகிவிட்டு, ஆட்டத்தில் பங்கருக்குள்ளும் பந்துக்குப் பின்னால் ஊன்றிவிடாதீர்கள். மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் அதற்கு இரண்டு அடி அபராதம். வீட்டுக்கு வந்ததும் கிளப்பை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். நம் பக்கத்து உப்புக் காற்றில் வெட்ஜ் துருப்பிடிக்க வெகுநாள் ஆகாது.

புதிய வெட்ஜ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்களிடம் இருப்பதை வைத்து மேலே சொன்னவற்றைப் பழகுங்கள். கொல்கத்தாவின் கோல்ஃப் வீரர் எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன். வசதியோடு வளர்ந்தவர் இல்லை. சிப்பிலும் புட்டிலும் இருந்த திறமையால் "சிப்புட்சியா" என்று பெயர் எடுத்து, 2016, 2017 இரண்டு ஆண்டும் இந்தியன் ஓப்பனை வென்றார்.

மைதானத்துக்குப் போகும் நாளில் அரைமணி முன்னதாகப் போய், பயிற்சி கிரீனில் ஒரே ஒரு பந்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூடைப் பந்தை வைத்து ஒரே இடத்திலிருந்து சிப் செய்தால், முதல் அடியில் செய்த தவறை மூன்றாவது அடி மறைத்துவிடும். ஆட்டத்தில் மூன்றாவது அடி கிடைக்காது. பந்தைத் தோளுக்குப் பின்னால் எறியுங்கள். அது பள்ளத்தில் விழுந்தாலும் புல்லில் புதைந்தாலும் எடுத்து நகர்த்தாமல், அங்கிருந்தே சிப் செய்து, குழியில் விழும் வரை புட் செய்யுங்கள். இரண்டு அடியில் முடிந்ததா, மூன்றா, நான்கா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாக முடிந்தவற்றில் சிப் தூரம் போனதா, புட் தவறியதா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த வாரம் முழுதும் வீட்டில் எதைப் பழக வேண்டும் என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யலாம்.